சிவப்பு எண்களைவிட அந்தப் பச்சை எண்தான் எனக்குக் கவலை

வாசகி கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். என் கணவருக்கு 61 வயது. மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரை நோய் பத்து வருடமாக இருக்கிறது. ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாட்டின் 40, பைசோப்ரோலோல், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். கொண்டோ (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) ஒன்றில் பாதுகாவலர் வேலை. இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. பிறந்தநாளுக்கு எங்கள் மகன் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ‘இதயப் பேக்கேஜ்’ வாங்கிக் கொடுத்தான். மொத்தம் ஒன்பது ரத்தச் சோதனை. அதில் நான்கு சிவப்பில் வந்திருக்கின்றன: என்டி-புரோபிஎன்பி 210, எச்எஸ்-சிஆர்பி 6.4, எல்பி-ஏ 168, ஹோமோசிஸ்டீன் 17. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.3 மஞ்சளில் இருக்கிறது. ட்ரோபோனின் டி 9, எல்டிஎல் 2.3, கிரியேட்டினின், ஃபைப்ரினோஜன் எல்லாம் பச்சை. அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து இவர் சரியாகத் தூங்குவதில்லை. இரண்டாவது மாரடைப்பு நிச்சயம் என்று அர்த்தமா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதையே திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள், ஹோமோசிஸ்டீனுக்கு ஒரு வைட்டமின் மாத்திரையும் சொன்னார்கள். செய்யலாமா? 28 வயது மகனும் எடுக்க வேண்டுமா? ரத்தம் கொடுத்த வாரம் இவருக்குச் சளியும் இருமலும் இருந்தது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரையும் கொஞ்ச நாளாகச் சாப்பிடுகிறார். மற்றபடி மருந்தெல்லாம் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறார், இரவு வேலை வாரங்களில் மட்டும் இரவு மாத்திரை சில நாள் விட்டுப்போகும்.

இதயநோய் மருத்துவர் பதில்:

வணக்கம் அம்மா. முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டுக்காரர் இன்றிரவாவது தூங்கட்டும். இரண்டாவது மாரடைப்பு நிச்சயம் என்று இந்தத் தாள் சொல்லவில்லை. எந்த ரத்தச் சோதனையாலும் அப்படிச் சொல்ல முடியாது. இவரைப் போன்ற ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தினால் யாருக்கு ஆபத்து கூடுதல், யாருக்குக் குறைவு என்று ஓரளவு பிரித்துக் காட்டத்தான் இந்த எண்கள் உதவும். அந்த ஆயிரத்தில் இவர் யார் என்று அவற்றுக்குத் தெரியாது.

இருந்தாலும், எல்லாம் சும்மா, தூக்கிப் போடுங்கள் என்றும் நான் சொல்லப்போவதில்லை. தாளில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது அவர்கள் பச்சை மையில் அச்சிட்டிருக்கும் எல்டிஎல் 2.3, அதாவது கெட்ட கொழுப்பு.

இந்த நிறங்கள் எப்படி வருகின்றன தெரியுமா? ஆய்வுக்கூடக் கணினியில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு எல்லை போட்டு வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது பொது மக்களுக்கான எல்லை. மாரடைப்பு வராத, ஸ்டென்ட் இல்லாத, சர்க்கரை இல்லாத ஒருவருக்கு எல்டிஎல் லிட்டருக்கு 2.3 மில்லிமோல் என்றால் நானே கைகுலுக்குவேன். உங்கள் கணவருக்கு அது பச்சை ஆகாது. ஏற்கனவே இதயக்குழாய் அடைப்பு வந்தவர்களுக்கு 1.4க்குக் கீழே கொண்டுவர வேண்டும், அதோடு ஆரம்ப அளவிலிருந்து பாதியாவது குறைய வேண்டும் என்று ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டுதல் 2019லேயே சொல்லிவிட்டது. நிறம் போட்ட கணினிக்கு உங்கள் கணவருக்கு ஸ்டென்ட் இருப்பது தெரியாது.

எல்டிஎல் பழைய சோதனை, மலிவான சோதனை, அதனால் பேக்கேஜ் விற்பவர்களுக்கு அதில் பெரிய ஈர்ப்பு கிடையாது. ஆனால் இந்த ஒன்பதில், குறைத்தால் மாரடைப்பும் குறையும் என்று மிக உறுதியாக நிரூபணமானது அதுதான். எல்டிஎல்லை லிட்டருக்கு ஒரு மில்லிமோல் குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய சம்பவங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்த ஸ்டாட்டின் (கொழுப்பு மாத்திரை) ஆய்வுகளின் தொகுப்பில் தெரிந்த உண்மை இது. உங்கள் கணவர் 2.3லிருந்து 1.4க்கு வந்தால் குறைவது 0.9. கிட்டத்தட்ட அந்த முழுப் பலனும் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: இரவு வேலை வாரங்களில் இரவு மாத்திரை விட்டுப்போகும் என்று. அவர் மாத்திரைகளில் இரவு எடுப்பது எது? அட்டோர்வாஸ்டாட்டினாகத்தான் இருக்க வேண்டும். கொழுப்பு மாத்திரையை இரவில்தான் போட வேண்டும் என்பது சிம்வாஸ்டாட்டின் என்ற பழைய மாத்திரையின் காலத்துப் பழக்கம். அந்த மாத்திரை உடம்பில் சீக்கிரம் கரைந்துவிடும், கல்லீரல் கொழுப்பை அதிகமாக உற்பத்தி செய்வதோ இரவில், அதனால் அந்த விதி. அட்டோர்வாஸ்டாட்டின் நீண்ட நேரம் வேலை செய்யும். காலையில் போட்டாலும் சரி, மத்தியானம் போட்டாலும் சரி, பலன் ஒன்றுதான். மாத்திரைப் பெட்டி வீட்டில், ஆள் கொண்டோ காவல் கூண்டில் என்றால் மாதத்தில் பாதி நாள் அந்த மாத்திரை ஆபத்தில் இருக்கிறது. ஆஸ்பிரினோடு சேர்த்துக் காலையிலேயே போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இரவு வேலை முடிந்து வந்து தூங்கப்போகும் முன் ஒரு தே ஓ குடிப்பார் இல்லையா, அந்த நேரத்தில் கூடப் போடலாம். மருந்து கொடுக்கும் பலதுறை மருந்தகத்தில் அடுத்த முறை போகும்போது இந்த மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள், மருந்துப் பையின் மேல் ஒட்டும் சீட்டையும் மாற்றித் தருவார்கள்.

தினமும் தவறாமல் ஆறிலிருந்து எட்டு வாரம் சாப்பிட்ட பிறகு எல்டிஎல்லை மட்டும் மறுபடி பாருங்கள். அப்போதும் 1.4க்கு மேல் என்றால் மருத்துவரிடம் எசெட்டிமிப் பற்றிக் கேளுங்கள். ஸ்டாட்டின் அளவை 40லிருந்து 80 ஆக்கினால் எல்டிஎல் இன்னும் 6 சதவீதம் போலத்தான் இறங்கும். எசெட்டிமிப் என்ற சின்ன மாத்திரையைச் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். அதற்கும் அடங்காவிட்டால் ஊசி மருந்துகள் இருக்கின்றன, அது அப்புறம் பார்க்கலாம். ஒருவேளை அவர் மறக்கவில்லை, தசை வலிக்கிறது என்றோ வாட்ஸ்அப்பில் எதையோ படித்தோ வேண்டுமென்றேதான் விடுகிறார் என்றால், அதையும் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கும் வழி இருக்கிறது. ‘ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்’ என்று நோயாளி சொல்லி, எல்டிஎல் இறங்காமல் இருந்தால் நாங்கள் தேவையில்லாமல் மருந்தை ஏற்றிக்கொண்டே போவோம்.

சரி, இனி சிவப்பு எண்கள்.

எல்பி-ஏ. நானோமோல் கணக்கில் 168 என்று எடுத்துக்கொள்கிறேன், அலகு எழுதவில்லை நீங்கள். இது எல்டிஎல்லின் ஒன்றுவிட்ட சகோதரன். 1963ல் நார்வே நாட்டு மருத்துவர் கோரே பெர்க் கண்டுபிடித்தார். தாய் தந்தையிடமிருந்து வருவது, சாப்பாட்டாலோ நடையாலோ ஏறக்குறைய அசையாது. 125 நானோமோலுக்கு மேல் என்றால் கூடுதல் என்று கணக்கு, உலகில் ஐந்தில் ஒருவருக்கு அப்படித்தான் இருக்கிறது. தெற்காசியர்களுக்குச் சராசரியாகச் சீனர்களைவிட அதிகம். ஆக 168 என்பது உண்மையிலேயே கூடுதல்தான், அதை மறைக்க நான் விரும்பவில்லை. 50களின் கடைசியில் இவருக்கு ஏன் அடைப்பு வந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் இது பிறப்புச் சான்றிதழ் மாதிரி, ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தாலும் அதே எண்தான் வரும், பணம்தான் போகும். வேறு இடத்தில் எடுத்து மில்லிகிராம் கணக்கில் வேறு எண் வந்தால் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படவும் வேண்டாம், ஒன்றை இன்னொன்றாகச் சரியாக மாற்றக் கணக்கு இல்லை. அந்தத் துகளின் எடை ஆளுக்கு ஆள் வேறுபடும்.

எல்பி-ஏயை 80 சதவீதத்துக்கும் மேல் இறக்கும் ஊசிகள் பெரிய ஆய்வுகளில் சோதிக்கப்பட்டு வருகின்றன. அவை கைக்கு வரும்வரை நாம் செய்யக்கூடியது, எல்பி-ஏ கூடுதலாக இருப்பவருக்கு எல்டிஎல்லை இன்னும் கண்டிப்பாக இறக்குவது. பார்த்தீர்களா, சிவப்பு எண்ணுக்கான வைத்தியமும் அந்தப் பச்சை எண்ணிடமே வந்து நிற்கிறது.

சிஆர்பி 6.4 பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்: சளி, இருமல். சிஆர்பி என்பது உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். ஈறு வீங்கினாலும் ஏறும், முட்டியில் அடிபட்டாலும் ஏறும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைவு, 1லிருந்து 3 நடுத்தரம், 3க்கு மேல் கூடுதல் என்ற கணக்கெல்லாம் உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எடுத்தால்தான் பொருந்தும். இருமலோடு வந்தவரிடம் இந்தச் சோதனைக்கு ரத்தம் எடுத்திருக்கவே கூடாது என்பது என் எண்ணம். சளி முழுதாகப் போய் இரண்டு மூன்று வாரம் கழித்து, வேண்டுமானால் ஒருமுறை பார்க்கலாம்.

நல்லாயிருக்கும்போதும் 2க்கு மேலேயே நின்றால்? அது பேச வேண்டிய விஷயம்தான். எல்டிஎல் இறங்கிய பிறகும் சிலருக்குக் குழாய்ச் சுவரில் அழற்சி தொடர்கிறது, அவர்களுக்கு ஆபத்து கூடுதல். கீல்வாதத்துக்குக் கொடுக்கும் பழைய மருந்தான கோல்சிசினைத் தினமும் 0.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020ல் வெளியான ஆய்வில், நிலையான இதயநோயாளிகள் 5,522 பேரில், அது மாரடைப்பு போன்ற சம்பவங்களைச் சுமார் 31 சதவீதம் குறைத்தது. மாரடைப்பு வந்த உடனே கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வு 2024ல் வந்தது, அதில் பலன் தெரியவில்லை. வயிற்றுப்போக்கு வரும், சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு ஆகாது, சில ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்ந்தால் ஆபத்து. அதனால் நான் அதை முதலில் நீட்டும் மருந்தாக வைத்திருக்கவில்லை. மருந்துக்கடைப் பக்கம் போகும்போது நீங்களாகக் கேட்டு வாங்கிவிட வேண்டாம். புகை பிடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால், சிஆர்பியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு அதைப் பற்றிப் பேசுவோம்.

ஹோமோசிஸ்டீன். ரத்தத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலம். இந்தப் பேக்கேஜில் எனக்குக் கோபம் வரவழைக்கும் சோதனை இது. ஹோமோசிஸ்டீன் கூடியவர்களுக்கு இதயநோய் அதிகம் என்பது உண்மைதான். ஃபோலிக் அமிலமும் பி12ம் பி6ம் கொடுத்தால் எண் இறங்குவதும் உண்மை. ஆனால் எண் இறங்கியதால் மாரடைப்பு குறைந்ததா? 2006ல் இரண்டு பெரிய ஆய்வுகள் அதைத்தான் சோதித்தன. ஹோப்-2 என்ற ஒன்றில் ஏற்கனவே ரத்தக்குழாய் நோயோ சர்க்கரையோ உள்ளவர்கள், நார்விட் என்ற மற்றொன்றில் அப்போதுதான் மாரடைப்பு வந்தவர்கள். ஹோமோசிஸ்டீன் நன்றாக இறங்கியது, மாரடைப்போ குறையவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம், இருந்தாலும் சோதனையும் மாத்திரையும் ஜோடியாக விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதயத்துக்காக அந்த வைட்டமின் வேண்டாம்.

ஆனால் ஒரு விஷயம். உங்கள் கணவர் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அது பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டீன் ஏறும். ஆகவே இந்த 17 இதயத்தைப் பற்றிச் சொல்வதைவிடப் பி12 பற்றித்தான் ஏதோ சொல்லக்கூடும். பாதம் மரத்துப்போகிறதா, ஊசி குத்துவது போல இருக்கிறதா என்று கேளுங்கள். சைவம் என்றால் இன்னும் முக்கியம். பலதுறை மருந்தகத்தில் ரத்தத்தில் பி12 அளவு பார்த்து, குறைவாக இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள். அது நரம்புக்கும் ரத்தத்துக்கும் செய்யும் வைத்தியம்.

என்டி-புரோபிஎன்பி 210. நான்கு சிவப்பில் நான் உண்மையிலேயே நிறுத்திப் பார்ப்பது இதைத்தான். இதயச் சுவர் இழுபடும்போது, பாரம் கூடும்போது, இதயத் தசை வெளியிடும் பொருள் இது. 125க்குக் கீழே இருந்தால் மூச்சுத்திணறலோடு வெளிநோயாளியாக வந்தவருக்கு இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று ஒதுக்கலாம். அதற்காகத்தான் அந்த எல்லை போட்டார்கள். மேலே போனால் செயலிழப்பு என்று தலைகீழாகப் படிக்கக்கூடாது. 61 வயதில், ஒரு மாரடைப்புக்குப் பிறகு 210 என்பது பலருக்கும் இருக்கும். வயதாக ஆக ஏறும், சிறுநீரகம் மந்தமானால் ஏறும், இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் ஏறும். உடல் பருமன் உள்ளவருக்கு வேறு மாதிரி: எண் இறங்கிக் காட்டும், நிம்மதியாக இருக்க வைத்து ஏமாற்றும். ஒன்றும் மாறாத நிலையில் இருக்கும் ஒருவருக்கே இரண்டு முறை எடுத்தால் கால் பங்குக்கு மேல் கூடவோ குறையவோ செய்யலாம். அடுத்த தடவை 250 வந்தால் மோசமாகிவிட்டது என்றும் 170 வந்தால் குணமாகிவிட்டது என்றும் வீட்டில் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த மூன்று மாதக் கணக்கை வேண்டாம் என்று சொல்ல எனக்கு இது ஒன்றே போதும்.

ஆனாலும் நீண்ட கால ஆபத்தைக் கணிப்பதில் என்டி-புரோபிஎன்பி பலமான குறியீடு. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான நியூசிலாந்தின் மார்க் ரிச்சர்ட்ஸ்தான் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இதயநோய் ஆராய்ச்சிக் கழகத்தையும் வழிநடத்தினார், ஆக நம் ஊருக்கும் இந்தச் சோதனைக்கும் நெருங்கிய உறவு உண்டு. 2017ல் வெளியான ஒரு கணிப்பு முறையில், நிலையான இதயநோயாளிகள் 13,164 பேரிடம் பல குறியீடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள்: என்டி-புரோபிஎன்பி, ட்ரோபோனின் டி, எல்டிஎல். கூடவே வயது, புகை, சர்க்கரை, கால் ரத்தக்குழாய் அடைப்பு. உங்கள் தாளில் இருக்கும் சிஆர்பியும் ஹோமோசிஸ்டீனும் அந்தப் பட்டியலில் கிடையாது.

எனவே 210ஐ வைத்துச் செய்ய வேண்டியது இதுதான். ஸ்டென்ட் வைத்த பிறகு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்களா, எப்போது, இதயம் எத்தனை சதவீதம் பம்ப் செய்கிறது என்று பழைய கடிதத்தைத் தேடிப் பாருங்கள். எடுத்து நாளாகியிருந்தால் இதயநோய் மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு: படுத்தால் மூச்சு முட்டி இரண்டாவது தலையணை கேட்கிறாரா, சாயங்காலம் காலுறைத் தடம் கணுக்காலில் பள்ளமாக விழுகிறதா, முன்பு மூச்சு வாங்காமல் ஏறிய மேம்பாலப் படிகளில் இப்போது பாதியில் நிற்கிறாரா, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறியதா. இவை இருந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் 210ஐ ஒரு அடிப்படை எண்ணாகக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம், பின்னாளில் மூச்சுத்திணறலோடு போனால் ஒப்பிட உதவும்.

இப்போது பச்சையில் வந்த இன்னொன்றையும் தொட வேண்டும். ட்ரோபோனின் டி 9. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம். 14க்குக் கீழே என்பதால் பச்சை. நிலையான இதயநோயாளிகள் 3,679 பேரிடம் அதிநுட்பச் சோதனையால் பார்த்தபோது 97.7 சதவீதம் பேரிடம் ஏதோ ஓரளவு ட்ரோபோனின் இருந்தது, அது 2009ல் வெளியானது. அளவு ஏற ஏற இறப்பும் இதயச் செயலிழப்பும் கூடின. வேடிக்கை என்னவென்றால், புது மாரடைப்பை அது முன்கூட்டிக் காட்டவில்லை. மாரடைப்பு பெரும்பாலும் குழாயில் படிந்த கொழுப்புக் கட்டி திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருவது. நேற்று வரை அமைதியாக இருந்த கட்டி இன்று வெடிக்கலாம், நேற்றைய ரத்தத்தில் அதற்குத் தடயம் இருக்காது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாளைக்கு ராத்திரி இவருக்கு நெஞ்சு அடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘போன மாதம்தானே ட்ரோபோனின் பச்சையாக வந்தது, இது கேஸ் ட்ரபுள்தான்’ என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தால் அந்தப் பச்சை அவரைக் கொன்றுவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் தாடை வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்கல், இனம் தெரியாத அசதி என்று வரும். 995க்கு அழையுங்கள். டாக்சி பிடிக்க வேண்டாம், மகன் வந்து கூட்டிப்போகட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையில் எடுக்கும் ட்ரோபோனினுக்குத்தான் மதிப்பு, அதையும் ஒருமுறை எடுத்து விட்டுவிட மாட்டார்கள். ஒன்று முதல் மூன்று மணி நேர இடைவெளியில் மறுபடி எடுத்து, ஏறுகிறதா என்று பார்ப்பார்கள்.

அப்புறம் அந்தப் பயோட்டின் மாத்திரை. அதிக அளவுப் பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில நிறுவனங்களின் ட்ரோபோனின் சோதனை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017ல் இதற்கு எச்சரிக்கையே விட்டது, அப்படிக் குறைத்துக் காட்டியதோடு தொடர்புள்ள ஒரு மரணத்தையும் குறிப்பிட்டது. தைராய்டுச் சோதனைகளும் குழம்பும். சாதாரண மல்டிவைட்டமினில் இருக்கும் அளவு பிரச்சினை இல்லை. முடிக்காக விற்கும் 5,000, 10,000 மைக்ரோகிராம் மாத்திரைகள்தான் சிக்கல். என் ஆலோசனை, நிறுத்திவிடுங்கள். நிறுத்த மனமில்லை என்றால், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் மருந்துப் பட்டியலில் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வைட்டமின்தானே என்று யாரும் சொல்வதில்லை.

எச்பிஏ1சி 7.3 மோசமில்லை. ஆனால் இதயநோயும் சர்க்கரையும் சேர்ந்தவருக்குச் சர்க்கரை எண்ணை இறக்குவதோடு, எந்த மருந்தால் இறக்குகிறோம் என்பதும் முக்கியம். எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை இப்படி இரண்டும் உள்ளவர்களுக்கு இதயநோயால் வரும் மரணத்தை 38 சதவீதம் குறைத்தது, 2015ல் வந்த முடிவு. இவர் பட்டியலில் அந்த வகை மருந்து ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்று மருத்துவரிடம் மரியாதையாகக் கேளுங்கள், காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

ஒன்பது சோதனை வாங்கிக்கொடுத்தவர்கள் பத்தாவதாக ஒன்றை விட்டுவிட்டார்கள், அது ரத்தத்தில்கூட இல்லை. சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்ற சோதனை. சர்க்கரை உள்ளவருக்கு அது சிறுநீரகத்தின் நிலையை மட்டும் சொல்லாது, இதய ஆபத்தையும் காட்டிக்கொடுக்கும். கிரியேட்டினின் பச்சையாக இருக்கும்போதே இது ஏறத் தொடங்கியிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்குப் பலதுறை மருந்தகத்திலேயே வருடம் ஒருமுறை செய்வார்கள். இவருடைய பழைய முடிவு ஹெல்த்ஹப் செயலியில் இருக்கிறதா என்று மகனைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நாள்பட்ட நோய்த் திட்டத்தின் கீழ் வரும் இப்படிப்பட்ட பரிசோதனைகளுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், பேக்கேஜ் வாங்கும் எல்லாருக்கும் பயன்படும். பல சோதனைகளில் ‘சாதாரண எல்லை’ என்பது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி போடப்படுவது. அப்படியானால் ஆரோக்கியமானவரிலும் இருபதில் ஒருவர் வெளியே நிற்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஒன்பது சோதனைகளை இப்படிச் செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்று சிவப்பாக வரும் வாய்ப்பு 37 சதவீதம். இருபது சோதனை செய்தால் கேட்கவே வேண்டாம். சிவப்பு வந்ததும் மறுபடி எடுங்கள் என்பார்கள். தொழிலுக்கு நல்லது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப்போங்கள், கூச்சப்பட வேண்டாம். வெளியில் எடுத்த சோதனையைப் பார்த்தால் சில மருத்துவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. எல்டிஎல் 2.3, எல்பி-ஏ 168, என்டி-புரோபிஎன்பி 210, இந்த மூன்றையும் காட்டி, ‘இதனால் மருந்தில் ஏதாவது மாற்ற வேண்டுமா?’ என்று மட்டும் கேளுங்கள். இரவு மாத்திரை விட்டுப்போவதையும் நீங்களே சொல்லுங்கள், அவர் சொல்ல மாட்டார்.

கடைசியாக உங்கள் மகன். அன்பாகத்தான் வாங்கிக்கொடுத்தார், அவரைத் திட்டாதீர்கள். அந்தப் பேக்கேஜால் கிடைத்த உருப்படியான பலன் உண்மையில் அவருக்குத்தான்: அப்பாவின் எல்பி-ஏ கூடுதல் என்று தெரிந்துவிட்டது. பெற்றோரில் ஒருவருக்கு அப்படி இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 28 வயதில் தெரிந்துகொண்டால் எல்டிஎல்லைச் சின்ன வயதிலிருந்தே கட்டுக்குள் வைக்கலாம், சிகரெட் பக்கம் போகாமல் இருக்க இன்னொரு காரணமும் கிடைக்கும். இங்கே சீனர்களைவிட நம்மவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பதையும் நினைவில் வைக்கட்டும். எல்பி-ஏ ஒருமுறை, கூடவே எல்டிஎல், சர்க்கரை, ரத்த அழுத்தம். இவற்றுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, சர்க்கரைக்கு எச்பிஏ1சி கேட்டால் போதும். கணவரின் உடன்பிறந்தவர்கள் இங்கேயோ ஊரிலேயோ இருந்தால் அவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். மகனுக்கு ட்ரோபோனின், ஹோமோசிஸ்டீன், ஃபைப்ரினோஜன் எதுவும் வேண்டாம். அந்தப் பணத்தில் அப்பாவுக்கு இரண்டு மாத்திரைப் பெட்டி வாங்கட்டும், ஒன்று வீட்டுக்கு, ஒன்று வேலைப் பைக்கு.